600 மரபணுவும் 2,500 மரபணுவும்

மார்பகத்தில் ஊசி வழியே எடுக்கும் திசு இழை சுமார் 2 சென்டிமீட்டர் நீளம். பருமன் 2 மில்லிமீட்டரைத் தொடாது. முதலில் மரத்துப்போக மருந்து போடுவார்கள். பிறகு விசை வைத்த ஊசி உள்ளே போகும், ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். வெளியே எடுத்ததும் ஊசியின் பள்ளத்தில் வெளிர்மஞ்சளாக ஒரு இழை கிடக்கும். மஞ்சள் எல்லாம் கொழுப்பு. அதனூடே அங்கங்கே வெள்ளையாகத் தெரிவதுதான் சுரப்பித் திசு. இதைத் தாமதிக்காமல் உறையவைக்க வேண்டும். நேரம் கடந்தால் உள்ளே இருக்கும் ஆர்என்ஏ சிதைந்துவிடும். ஊசி குத்திய அந்த நேரத்தில் எந்த மரபணு மும்முரமாக வேலை செய்தது, எது சும்மா இருந்தது என்பதற்கு அந்த ஆர்என்ஏதான் சாட்சி.

இப்படி எடுத்த இழைகளை வைத்து ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள், மாதவிடாய் நின்ற பிறகு கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சையில் இரண்டு வகைகளை ஒப்பிட்டார்கள். 2011, 2012 ஆண்டுகளில் முடிவுகள் வெளிவந்தன. மாதவிடாய் நின்றுபோன, ஆரோக்கியமான 77 பெண்கள் அதில் கலந்துகொண்டார்கள். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். முதல் அணிக்குத் தினமும் தோலில் தடவிக்கொள்ள 1.5 மில்லிகிராம் எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஜெல்; 28 நாள் சுற்றின் கடைசி 14 நாளும் கூடவே 200 மில்லிகிராம் புரோஜெஸ்ட்டிரோன் மாத்திரை. இரண்டும் பெண்ணின் சூலகம் சுரக்கும் அதே மூலக்கூறுகள். இரண்டாம் அணிக்குத் தினமும் 0.625 மில்லிகிராம் குதிரை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. கடைசி 14 நாளும், புரோஜெஸ்ட்டிரோனுக்குப் பதிலாக, 5 மில்லிகிராம் மெட்ராக்சிபுரோஜெஸ்ட்டிரோன் அசிட்டேட் என்ற செயற்கை மருந்து. பெயர் நீளமானது என்பதால் இனி மெட்ராக்சி என்றே எழுதுகிறேன். இப்படி இரண்டு சுற்றுகள். தொடங்கும் முன் ஒரு திசு இழை, முடிந்த பின் ஒரு திசு இழை.

முதல் அணியின் மார்பகத் திசுவில் ஏறக்குறைய 600 மரபணுக்களின் செயல்பாடு மாறியிருந்தது. இரண்டாம் அணியில் ஏறக்குறைய 2,500. எண்ணிக்கை மட்டும் இல்லை. செல் பிரிவதைக் காட்டிக்கொடுக்கும் கேஐ-67 என்ற புரதம் இரண்டாம் அணியில் கூடியிருந்தது. அதை உண்டாக்கும் மரபணுவின் ஆர்என்ஏவும் கூடியிருந்தது. மேமோகிராம் படத்தில் மார்பகத்தின் அடர்த்தி ஏறியிருந்தது. அடர்த்தியான மார்பகம் புற்றுநோய்க்கு ஓர் ஆபத்துக் காரணி. முதல் அணியில் செல் பிரிவு குறிப்பிடும்படி கூடவில்லை.

இதைப் படிக்கும் யாருக்கும் சட்டென்று ஒரு முடிவு தோன்றும்: இயற்கை நல்லது, செயற்கை கெட்டது. நான் அந்த முடிவுக்கு வரவில்லை. இரண்டு அணிக்கும் இடையே நிஜமாகவே பெரிய வேறுபாடு இருக்கிறது. அதை நான் நம்புகிறேன். அந்த வேறுபாட்டுக்குக் காரணம், பொருள் எங்கிருந்து வந்தது என்பதில் இல்லை. மூலக்கூறின் வடிவம் என்ன, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது, உள்ளே போய் என்னவாக மாறுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பவற்றில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் இது புலப்படும்.

முதலில் அந்த எண்களையே கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான மரபணுக்களின் துணுக்குகள் பதித்த சில்லில் திசுவின் ஆர்என்ஏ நகலைப் பாய்ச்சி, எந்தப் புள்ளி எவ்வளவு ஒளிர்கிறது என்று அளக்கிறார்கள். எவ்வளவு கூடினால் ‘மாறியது’ என்று கணக்கில் எடுப்பது? அந்தக் கோட்டை ஆய்வாளரே கிழிக்கிறார். கோட்டைச் சற்று இறக்கினால் எண்ணிக்கை ஏறும், ஏற்றினால் இறங்கும். இன்னொன்றும் உண்டு. அந்த இழையில் கொழுப்புச் செல், நார்ச் செல், சுரப்பிச் செல் எல்லாம் கலந்தே இருக்கின்றன. சுரப்பிச் செல்கள் பெருகிவிட்டால், அவற்றுக்கே உரிய மரபணுக்கள் எல்லாம் கூடியதாகச் சில்லு காட்டும். தனிச்செல் ஒன்றை எடுத்துப் பார்த்தால் அதற்குள் எதுவுமே மாறியிராது. தவிர, ஒரு செல் பிரியத் தீர்மானித்துவிட்டால் அந்த வேலைக்கென்றே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். ஆகவே 2,500 என்பதை 2,500 கேடுகள் என்று படிக்கக் கூடாது. மரபணுக் கணக்கு, நுண்ணோக்கியில் எண்ணிய செல்கள், மேமோகிராம் ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பதால்தான் இந்த ஆய்வை மதிக்கிறேன்.

இரண்டு அணிக்கும் நடுவில் ஒரே ஒரு வேறுபாடு இருந்திருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் வேறு, அது போன வழி வேறு, உடன் கொடுத்த துணை ஹார்மோனும் வேறு. 600க்கும் 2,500க்கும் நடுவில் உள்ள இடைவெளியில் எது எவ்வளவு பங்கு என்று இந்த ஒரு ஆய்வால் சொல்ல முடியாது. வேறு இடங்களில் செய்த வேலைகளைக் கூட்டிப் படிக்க வேண்டும்.

ஹார்மோன் ஒரு மரபணுவை எழுப்புவது எப்படி? ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன், கார்ட்டிசால் போன்றவை கொழுப்பில் கரைபவை. செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். உள்ளே அதற்கென்று ஏற்பி என்ற புரதம் காத்திருக்கும். ஹார்மோன் வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது; இரண்டு இரண்டாகச் சேர்ந்து டிஎன்ஏயில் குறிப்பிட்ட எழுத்துவரிசை உள்ள இடங்களில் போய் உட்காருகிறது. உட்கார்ந்தால் மட்டும் மரபணு ஓடாது. அங்கே துணைப் புரதங்கள் வந்து சேர வேண்டும். தூண்டுகிற துணைகள் வந்தால் மரபணு ஓடும். அடக்குகிற துணைகள் வந்தால் அடங்கும். யார் வருவார் என்பதை ஏற்பியின் மேற்பரப்பு எப்படி வளைந்திருக்கிறது என்பது தீர்மானிக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டியது 1997இல் வந்த படிக ஆய்வு. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தினரும் ஸ்வீடனில் இருந்த கூட்டாளிகளும் சேர்ந்து, ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்குள் எஸ்ட்ரடையால் இருக்கும்போது எப்படி இருக்கிறது, ராலாக்சிஃபீன் என்ற செயற்கை மருந்து இருக்கும்போது எப்படி இருக்கிறது என்று அணு அணுவாகப் படம் பிடித்தார்கள். ஏற்பியின் ஓரத்தில் பன்னிரண்டாவது சுருள் என்றொரு பகுதி உண்டு. எஸ்ட்ரடையால் உள்ளே அடங்கியதும் அந்தச் சுருள் மேலே படிந்து மூடிக்கொள்கிறது. மூடிய அந்தப் பரப்பில்தான் தூண்டும் துணைகள் வந்து ஒட்டும். ராலாக்சிஃபீனுக்கு நீளமான ஒரு வால் இருக்கிறது. எவர்சில்வர் டப்பாவுக்குள் கரண்டியைப் போட்டு மூடப் பார்த்தால் காம்பு நீட்டிக்கொண்டு மூடியைப் படியவிடாது; அதேபோல இந்த வால் சுருளைப் படியவிடாமல் தள்ளிவிடுகிறது. சுருள் வேறிடம் போய்ப் படிகிறது. தூண்டும் துணைகளுக்கு ஒட்ட இடமில்லை. மறு ஆண்டே, மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்சிஃபென் மருந்தும் இப்படித்தான் செய்கிறது என்று தெரிந்தது.

இதில் என்னை வியக்கவைப்பது அடுத்த விஷயம். ஒரே டமாக்சிஃபென், மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது. கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே தூண்டுகிறது. மாதவிடாய் நின்றவர்களின் எலும்பைத் தேயாமல் காக்கிறது. மூலக்கூறும் அதே, ஏற்பியும் அதே. ஒவ்வொரு திசுவிலும் கையிருப்பில் உள்ள துணைப் புரதங்கள் வேறு, திறந்திருக்கும் டிஎன்ஏ பகுதிகள் வேறு. அதனால் ஒரே கட்டளைக்கு மூன்று இடத்தில் மூன்று பதில். நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சென்ட்குரோமன், 1991இல் ‘சஹேலி’ என்று கடைக்கு வந்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் ‘சாயா’ என்ற பெயரில் கிடைக்கிறது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று போட்டுக்கொள்ளும் கருத்தடை மாத்திரை. அது ஸ்டீராய்டே கிடையாது. ஆனாலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில்தான் போய் உட்காருகிறது. கருப்பையில் ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுத்து, கரு பதியும்படி உட்சுவர் தயாராவதைக் கெடுக்கிறது.

இனி இயற்கை, செயற்கை என்ற பிரிவுக்கு வருகிறேன். கரோலின்ஸ்கா ஆய்வில் ‘செயற்கை’ பக்கம் நின்ற ஈஸ்ட்ரோஜன், சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுப்பது. 1942இலிருந்து பிரெமரின் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனையாகிறது. ஓர் உயிரின் உடம்பிலிருந்து நேராக வருவது; அந்த வகையில் அதைவிட இயற்கையான மருந்து அரிது. ஆனால் அது பத்துக்கும் குறையாத ஈஸ்ட்ரோஜன்களின் கலவை. அதிலுள்ள ஈக்விலின் போன்றவை குதிரைக்கு உரியவை, மனித சூலகம் அவற்றைச் சுரப்பதே இல்லை. மறுபக்கம், ‘இயற்கை’ என்று நின்ற புரோஜெஸ்ட்டிரோன் தொழிற்சாலையில் தயாராவது. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர், மெக்சிகோவின் வெராக்ரூஸ் காடுகளில் விளையும் ஒரு காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் பிரித்து, படிப்படியாக மாற்றிப் புரோஜெஸ்ட்டிரோன் ஆக்கினார். 1944இல் மெக்சிகோ நகரத்தில் சின்டெக்ஸ் என்ற நிறுவனத்தையும் வேறு சிலரோடு சேர்ந்து தொடங்கினார். உடம்பிலிருந்தே எடுப்பது கட்டுபடியாகாது என்பதற்கு ஒரு கணக்கு: 1930களில் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியின் குழு நாலு டன் பன்றிச் சூலகங்களை அரைத்துக் கரைத்து வடித்து எடுத்த எஸ்ட்ரடையால், வெறும் 12 மில்லிகிராம்.

கிழங்கிலிருந்து ஆலையில் செய்த புரோஜெஸ்ட்டிரோனும் சூலகம் சுரப்பதும் அணுவுக்கு அணு ஒன்றே. ஏற்பிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. குதிரையின் ஈக்விலின் எவ்வளவு இயற்கையானதாக இருந்தாலும் மனித ஏற்பிக்குப் புதியது. ஆகவே, இந்த மூலக்கூறு மனித உடம்பில் சுரப்பதுதானா, இல்லையா என்று கேட்டால்தான் பதில் உருப்படியாக வரும்.

மெட்ராக்சிக்கு வருவோம். புரோஜெஸ்ட்டிரோனின் கட்டமைப்பில் ஆறாவது கார்பனில் ஒரு மெத்தில் குழுவையும் பதினேழாவது கார்பனில் ஓர் அசிட்டேட் குழுவையும் ஒட்டினால் மெட்ராக்சி. நல்ல காரணத்துக்காகத்தான் ஒட்டினார்கள். வாயால் விழுங்கிய புரோஜெஸ்ட்டிரோனைக் கல்லீரல் வேகமாகச் சிதைத்துவிடும், மெட்ராக்சி தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்த இரண்டு சிறு ஒட்டுகளால் அது வேறு ஏற்பிகளிலும் போய்ப் பொருந்த ஆரம்பித்துவிட்டது. புரோஜெஸ்ட்டிரோன் ஏற்பியோடு நிற்காமல், கார்ட்டிசாலுக்கு உரிய ஏற்பியிலும், ஆண் ஹார்மோனுக்கு உரிய ஏற்பியிலும் அது உட்காருகிறது. கார்ட்டிசால் ஏற்பி உடம்பில் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருப்பது. அதை எழுப்பினால் ஓடும் மரபணுக்களின் வரிசையே வேறு. புரோஜெஸ்ட்டிரோனும் தன் ஏற்பியோடு நிற்பதில்லை. சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டிரோனின் ஏற்பியை அது தடுக்கிறது. மெட்ராக்சிக்கு அந்தக் குணம் இல்லை.

உடம்புக்குள் போன பிறகு என்னவாக மாறுகிறது என்பதும் இதோடு சேர்ந்தது. புரோஜெஸ்ட்டிரோனில் ஒரு பகுதி அல்லோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறி, மூளையில் அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளின் வேலையைக் கூட்டுகிறது. இரவில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளும் பெண்கள் தூக்கம் வருகிறது என்று சொல்வது இதனால்தான். மெட்ராக்சி அந்தப் பொருளாக மாறுவதில்லை. நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு மாத்திரை நார்எத்திஸ்டிரோன். கல்யாணம், கோயில் விசேஷம் என்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் வாங்கி வருவார்களே, அதுதான். 1951இல் மேலே சொன்ன சின்டெக்ஸ் ஆய்வுக்கூடத்தில் செய்தது. அட்டையில் எங்கும் ஈஸ்ட்ரோஜன் என்று இருக்காது. ஆனால் அதில் ஒரு சிறு பகுதி உடம்புக்குள் எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. தள்ளிப்போடுவதற்கான அளவில் நாளுக்கு மூன்று வேளை போட்டால், குறைந்த அளவுக் கருத்தடை மாத்திரை ஒன்றில் உள்ள ஈஸ்ட்ரோஜனுக்கு நிகராகவே சேர்ந்துவிடும். முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்கள், நெருங்கிய உறவில் யாருக்காவது உறைந்தவர்கள், டாக்டரைக் கேட்காமல் இதை வாங்கிப் போடவே கூடாது. இந்த ஒன்றை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எத்தினைல் எஸ்ட்ரடையாலின் கதை கல்லீரலின் கதை. 1938இல் பெர்லினில் ஷெரிங் நிறுவனத்தில் இன்ஹோஃபன், ஹோல்வெக் ஆகிய இருவர் எஸ்ட்ரடையாலின் பதினேழாவது கார்பனில் ஓர் எத்தினைல் குழுவைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு கல்லீரலால் அதை எளிதில் சிதைக்க முடியவில்லை. எஸ்ட்ரடையால் மாத்திரை ஒன்று இரண்டு மில்லிகிராம் வேண்டியிருக்கும் இடத்தில், இது 20 முதல் 35 மைக்ரோகிராம் இருந்தால் கருத்தடைக்குப் போதும். கல்லீரலால் சிதைக்க முடியாத ஈஸ்ட்ரோஜன் கல்லீரலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே ரத்தம் உறையச் செய்யும் புரதங்கள், ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள ஆஞ்சியோடென்சினோஜென், ஹார்மோனைச் சுமக்கும் புரதங்கள் ஆகியவற்றின் மரபணுக்கள் எல்லாம் கூடுதலாக ஓடும்.

வழியும் இங்கேதான் முக்கியமாகிறது. விழுங்கியது எதுவானாலும் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், அப்புறம்தான் மற்ற இடங்களுக்கு. தோலில் தடவியது முதலில் பொது ரத்த ஓட்டத்தில் கலந்துவிடும். கல்லீரல் அதன் பங்கை மட்டும் பார்க்கும். பிரான்சில் நடந்த எஸ்தர் என்ற ஆய்வு 2007இல் இதை நோயாளிகளிடமே காட்டியது. ஈஸ்ட்ரோஜனை விழுங்கியவர்களுக்குச் சிரையில் ரத்தம் உறையும் ஆபத்து நாலு மடங்கு. தோல்வழி எடுத்தவர்களுக்குக் கூடவே இல்லை. எஸ்ட்ரடையால் மனித உடம்பின் சொந்த ஹார்மோன்தான்; அதையே விழுங்கினாலும் கல்லீரல் அதைத் தனக்கு வந்த பெருவெள்ளமாகவே எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது நேரம். இதைப் பற்றி மக்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதுதான் மிகவும் ஆழமான வேறுபாடாகப் படுகிறது. கார்ட்டிசால் ரத்தத்தில் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அலையாக எழுந்து வடிகிறது. 2009இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் கோர்டன் ஹேகர் குழுவும் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் இருந்த ஸ்டாஃபர்ட் லைட்மன் குழுவும், எலிகளின் இயற்கை ஹார்மோனான கார்ட்டிகோஸ்டிரோனை அதே அலையாகச் செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு அலைக்கும் ஏற்பி டிஎன்ஏயில் போய் உட்கார்ந்தது. அலை வடிந்ததும் எழுந்துவிட்டது. மரபணுவும் அலை அலையாகவே ஓடி ஓடி நின்றது. அதே ஏற்பிக்குச் செயற்கையான டெக்சாமெத்தசோனைக் கொடுத்தார்கள். ஹார்மோனைக் கழுவி எடுத்த பிறகும் ஏற்பி எழுந்திருக்கவில்லை. மரபணு ஓடிக்கொண்டே இருந்தது. டெக்சாமெத்தசோன் கார்ட்டிசாலைவிட ஏறக்குறைய 25 மடங்கு வீரியமானது என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்த மடங்குக் கணக்கில் இந்தத் தாளம் வருவதில்லை. கொரோனா காலத்தில் மூச்சுத்திணறி வந்தவர்களைக் காப்பாற்றியதும் இதே மருந்துதான். நுரையீரலில் அழற்சி மரபணுக்கள் விடாமல் ஓடும்போது, விடாமல் அடக்கும் மருந்து தேவைப்பட்டது. தாளம் தப்புவதே சில நேரம் சிகிச்சை ஆகிறது.

வயதும் ஒரு நேரம்தான். 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் வெளியிட்ட டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், ஸ்டீராய்டு அல்லாத செயற்கை ஈஸ்ட்ரோஜன். கரு கலையாமல் இருக்கும் என்று நம்பி 1940களிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். பயன் இல்லை என்று 1953இலேயே சிகாகோவில் ஒரு சோதனை காட்டியும் நிறுத்தவில்லை. 1971இல் பாஸ்டனில், இளம்பெண்களுக்கு அபூர்வமாகவே வரும் ஒருவகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் 8 பேருக்கு வந்ததை ஆராய்ந்தபோது, அவர்களில் 7 பேரின் தாய்மார் கர்ப்ப காலத்தில் இந்த மருந்தைச் சாப்பிட்டிருந்தது தெரிந்தது. எலிக்குட்டிகளில் செய்த வேலை, நடப்பதைத் திசுவுக்குள் காட்டியது. பிறந்த முதல் சில நாட்களில் இந்த மருந்து கிடைத்த எலிகளின் கருப்பையில், லேக்டோஃபெரின் என்ற மரபணுவின் மேலிருக்க வேண்டிய வேதிக் குறி உதிர்ந்துபோகிறது. எலி வளர்ந்த பிறகு, ஈஸ்ட்ரோஜனே இல்லாவிட்டாலும் அந்த மரபணு ஓடிக்கொண்டே இருக்கிறது. எலிக்குட்டியின் ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்று ஒரு காவல் புரதம் உண்டு. இயற்கையான எஸ்ட்ரடையாலைப் பிடித்து நிறுத்தி, வளரும் திசுவைக் காப்பது. இந்தச் செயற்கை மூலக்கூறை அது பிடிப்பதில்லை. காவல் இருந்தும் வீடு திறந்தே கிடந்தது.

மரபணு மாற்றம் எல்லாம் கடைசியில் மனிதர்களின் வாழ்க்கையில் என்ன ஆகிறது? இங்கே ஆய்வுகள் சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும், பாதியில் எழுந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் பெண்கள் நல முன்முயற்சி என்ற பெரும் ஆய்வில் 16,608 பெண்கள், குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்சியும் சேர்ந்த மாத்திரை அல்லது வெறும் மாத்திரை என்று பிரிக்கப்பட்டார்கள். அதாவது ஒரு பாதிக்கு இரண்டு ஹார்மோனும் சேர்ந்தது, மறு பாதிக்கு மருந்தில்லாதது. சராசரியாக 5.2 ஆண்டுகள் ஆனபோது, 2002 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் மருந்தில்லாதவர்களுக்கு 30, மருந்து எடுத்தவர்களுக்கு 38 என்று மார்பகப் புற்றுநோய் வந்தது. உலகமெங்கும் பெண்கள் ஹார்மோனைத் தூக்கிப் போட்டார்கள். அதே ஆய்வின் இன்னொரு பிரிவில், கருப்பை எடுத்துவிட்ட 10,739 பெண்களை வைத்துக் குதிரை ஈஸ்ட்ரோஜனை மட்டும் சோதித்தார்கள். அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நெடுநாள் தொடர்ந்து பார்த்ததில் குறைந்தே இருந்தது. சந்தேகம் மெட்ராக்சியின் பக்கம் திரும்பியது.

பிரான்சில், பெரும்பாலும் ஆசிரியைகளைக் கொண்ட இ3என் என்ற தொகுப்பில் 80,377 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2008இல் எழுதினார்கள். ஹார்மோனே எடுக்காதவர்களின் ஆபத்தை 1 என்று வைத்தால், ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்டிரோன் எடுத்தவர்களுக்கு 1.00. டைட்ரோஜெஸ்ட்டிரோன் சேர்த்தவர்களுக்கு 1.16. மற்றச் செயற்கை வகைகளைச் சேர்த்தவர்களுக்கு 1.69. கரோலின்ஸ்காவின் திசு இழைகளோடு இது அழகாக ஒத்துப்போகிறது. ஆனால் இதே அட்டவணையில் இன்னொரு வரி இருக்கிறது: ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு 1.29. பிரான்சில் அது பெரும்பாலும் எஸ்ட்ரடையால். ஆக, மனிதச் சொந்த ஈஸ்ட்ரோஜன் பிரான்சில் ஆபத்தைக் கூட்டியது. குதிரை ஈஸ்ட்ரோஜன் அமெரிக்காவில் குறைத்தது. இரு நாட்டுப் பெண்களின் வயதும் எடையும் வேறு, ஆய்வின் முறையும் வேறு என்பது உண்மைதான். அப்படியிருந்தும், இயற்கை என்ற ஒற்றைச் சொல்லை நம்பியிருப்பவர்களுக்கு அந்த வரி ஒரு தடுப்புச் சுவர். அதே பெண்களைப் பின்னர் தொடர்ந்தபோது, புரோஜெஸ்ட்டிரோனை ஐந்து ஆண்டுக்கு மேல் எடுத்தவர்களிடமும் ஓரளவு ஆபத்து தென்பட்டது. இளம்பெண்களின் மார்பகச் செல்கள் ஒவ்வொரு மாதமும் அதிகம் பிரிவது, சூலகம் புரோஜெஸ்ட்டிரோன் சுரக்கும், மாதச் சுற்றின் இரண்டாம் பாதியில்தான். சொந்த ஹார்மோனும் பெருக்கும்.

திசுவில் தெரியும் மாற்றம் நோயாகத்தான் முடியும் என்பதும் இல்லை. இதற்கு மெட்ராக்சியே சாட்சி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 150 மில்லிகிராம் மெட்ராக்சி ஊசியை 2017இலிருந்து நம் அரசு மருத்துவமனைகளில் ‘அந்தரா’ என்று இலவசமாகப் போடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் பல லட்சம் பெண்கள் இதையே நம்பியிருக்கிறார்கள். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் ஜேனட் ஹேப்குட் குழு, இது கார்ட்டிசால் ஏற்பி வழியாக நோய் எதிர்ப்பு மரபணுக்களை அடக்குகிறது என்று காட்டியது. அப்படியானால் எச்ஐவி எளிதில் தொற்றுமா என்ற பயம் வந்தது; பல ஆண்டு அது ஆறவில்லை. கடைசியில் தென்னாப்பிரிக்கா, கென்யா, சாம்பியா, எஸ்வாத்தினி ஆகிய நாலு நாடுகளில் 7,829 பெண்களை வைத்து எக்கோ என்ற சோதனை நடந்தது. ஒரு சாராருக்கு இந்த ஊசி, ஒரு சாராருக்குக் காப்பர் டி வகைச் சாதனம், ஒரு சாராருக்குத் தோலடியில் பொருத்தும் குச்சி. 2019இல் முடிவு வந்தது. எச்ஐவி தொற்றில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆய்வுக்கூடம் சொன்னது பொய்யில்லை. அந்த மரபணுக்கள் அடங்கியது நிஜம். முழு உடம்பில் அது எவ்வளவு எடைபோடும் என்பதைச் சொல்ல ஆய்வுக்கூடத்தால் முடியாது. அதற்கு அந்த 7,829 பெண்கள் வேண்டியிருந்தார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, மார்பகத்துக்குத் தொந்தரவு தரும் துணை ஹார்மோனே வேண்டாம், ஈஸ்ட்ரோஜனை மட்டும் தடவிக்கொண்டால் என்ன என்று கருப்பை உள்ள ஒரு பெண் நினைக்கக்கூடும். அது ஆபத்தான நினைப்பு. அமெரிக்காவில் 875 பெண்களை மூன்று ஆண்டு பார்த்த பெபி சோதனையில், துணை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய்க்கு முந்தைய வகை மாற்றங்கள் வந்தன. மெட்ராக்சி சேர்த்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. புரோஜெஸ்ட்டிரோன் மாத்திரை சேர்த்தவர்களுக்கும் கூடவில்லை. நல்ல கொழுப்பைக் காப்பதில் மட்டும் புரோஜெஸ்ட்டிரோன் ஒரு படி மேலே நின்றது. ஆனால் அங்கே கொடுத்தது மாதத்தில் 12 நாள், நாளுக்கு 200 மில்லிகிராம், விழுங்கும் மாத்திரையாக. இப்போது இணையத்தில் ‘இயற்கைப் புரோஜெஸ்ட்டிரோன் கிரீம்’ என்று விற்கிறார்கள். தோல் வழியே ரத்தத்தில் சேரும் அளவு, கருப்பையின் உட்சுவரைக் காக்கப் போதாது. மூலக்கூறு சரிதான், போய்ச் சேர வேண்டிய திசுவுக்கு அது போய்ச் சேரவில்லை. ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டே இந்தக் கிரீமை நம்பியிருக்கும் பெண், மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் அன்றே டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.